கரணையும் விதையும்

தமிழ்நாட்டில் கரும்புக்கு விதை வாங்க எந்த விவசாயியும் கடைக்குப் போவதில்லை. ஆறேழு மாதம் வளர்ந்த நல்ல பயிராகப் பார்த்து வெட்டி, தோகையை உரித்து, இரண்டு பரு இருக்கும்படி துண்டு போட்டு, பருக்கள் பக்கவாட்டில் அமையுமாறு சாலில் கரணைகளைப் பதிக்கிறார்கள். சில நாளில் கணுவைச் சுற்றி வேர் இறங்குகிறது. பரு வீங்கி முளைக்கிறது. அடுத்த சில வாரங்களில் தூர் கட்டுகிறது. ஓராண்டில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு எழும் அந்தப் பயிர், நிறத்திலும் இனிப்பிலும் கணுவின் அமைப்பிலும் தாய்க் கரும்பேதான். வாழையும் அப்படியே. தாய் மரத்தடியில் கிளம்பும் ஈட்டி இலைக் கன்றைக் கிழங்கோடு பெயர்த்து வேறு குழியில் வைத்தால் பூவன் பூவனாகவே வரும், ரஸ்தாளி ரஸ்தாளியாகவே வரும்.

மாங்கொட்டையை நட்டு வளர்ப்பவருக்கு இந்த உறுதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. தின்ற பழம் தேனாக இனித்திருக்கும், கொட்டையிலிருந்து வந்த மரமோ பல ஆண்டு காக்கவைத்துப் புளிப்பாகக் காய்க்கும். அதனால்தான் மாவை ஒட்டுக்கட்டுகிறோம்.

கரணைக்கும் கொட்டைக்கும் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தேடிப் போனால், உயிரின் மிகப் பழைய இரண்டு வேலைகளுக்கு முன்னால் போய் நிற்போம். ஒன்று, இருப்பதை எழுத்துப் பிசகாமல் நகலெடுப்பது. மற்றது, இருவரிடம் இருப்பதைக் கலைத்துக் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்குவது. இரண்டுமே செல் பிரிவதில்தான் நடக்கின்றன. கரணை முதல் வேலையின் விளைவு, விதை இரண்டாவதன் விளைவு. மனிதர்களாகிய நாம் இரண்டாவது வழியில் கருவாகி, முதல் வழியில் வளர்ந்து ஆளானவர்கள்.

ஏன் பிரிய வேண்டும்?

ஒரு செல் பிரியாமலே பெரிதாகிக்கொண்டு போனால் என்ன? கணக்கு அதற்கு இடம் கொடுக்காது. ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் மேற்பரப்பு 4 மடங்காகும், கொள்ளளவோ 8 மடங்காகிவிடும். செல்லுக்குள் உணவும் ஆக்சிஜனும் போவதும் கழிவு வெளியேறுவதும் மேற்பரப்பின் வழியாகத்தான். செல் பருக்கப் பருக்க உள்ளே தேவை ஏறும், வழி போதாமல் போகும். ஆகவே யானையின் செல்லும் எலியின் செல்லும் பெரும்பாலும் ஒத்த அளவுதான். யானையின் பருமனெல்லாம் செல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

வளர்ந்து முடிந்த உடலிலும் பிரிதல் ஓய்வதில்லை. மனித உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மறைந்து புதியவை வருகின்றன. ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜை உண்டாக்கி ரத்தத்தில் சேர்க்கிறது. குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும் மட்டும் பிறந்தபின் மிக அரிதாகவே புதுப்பிக்கப்படுகின்றன. மாரடைப்பில் இறந்த தசை திரும்ப வளராததற்கும், கையில் பட்ட கீறல் ஒரு வாரத்தில் ஆறுவதற்கும் இந்த வேறுபாடே காரணம்.

ஒரு செல் உயிரிகளுக்குப் பிரிவதே பிள்ளைபெறுவது. இரவு பாலில் ஒரு கரண்டித் தயிரை உறை ஊற்றிவிட்டுப் படுக்கிறோம். அதிலிருந்த பாக்டீரியாக்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகியதால் விடியும்போது பால் முழுவதும் தயிராகியிருக்கிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, சூழல் நன்றாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும்.

செல் என்பது ஏற்கெனவே இருக்கும் செல்லிலிருந்து மட்டுமே பிறக்கும் என்று 1850களில் ஜெர்மனியில் ராபர்ட் ரீமாக்கும் ருடால்ஃப் ஃபிர்ஹோவும் நிலைநாட்டினார்கள். இதன் பொருள் மலைக்கவைப்பது. இந்த வரியைப் படிக்கும் கண்ணின் ஒவ்வொரு செல்லும், வயலில் நிற்கும் கரும்பின் ஒவ்வொரு செல்லும், 350 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஒருமுறைகூட அறுபடாமல் வந்த பிரிதல் வரிசையின் கடைசிக் கண்ணி. எங்கேனும் ஓரிடத்தில் அந்த வரிசை அறுந்திருந்தால் நாம் இல்லை.

வெங்காய வேரின் நுனியில்

செல் பிரிவதைக் கண்ணால் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நம் கல்லூரிகளில் தாவரவியல் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் சோதனை போதும். ஒரு வெங்காயத்தை அதன் அடித்தட்டு நீரைத் தொடும்படி டம்ளரின் வாயில் உட்காரவைத்தால் சில நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலை வேளையில் ஒரு வேரின் நுனியில் இரண்டு மில்லிமீட்டரை மட்டும் நறுக்கி எடுத்து, நீர்த்த அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மின் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். மேலே கவர் ஸ்லிப்பை மூடி, மடித்த தாளை அதன்மீது வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் வேர் நுனி ஒற்றை அடுக்காக நசுங்கிப் பரவும்.

நுண்ணோக்கியில் முதலில் தெரிவது வரிசை வரிசையான பெட்டிகள். பெரும்பாலான பெட்டிகளுக்குள் இளஞ்சிவப்பில் உருண்டையாக ஓர் உட்கரு இருக்கும். தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் திடீரென்று ஒரு பெட்டியில் உருண்டை காணாமல் போயிருக்கும். அங்கே கருஞ்சிவப்பில் தடித்த புழுக்களாகக் குரோமோசோம்கள் கிடக்கும். வெங்காயத்துக்கு அவை 16. வேறொரு பெட்டியில் பதினாறும் செல்லின் நடுவில் ஒரே கோட்டில் அணிவகுத்து நிற்கும். இன்னொன்றில் அவை இரண்டு கூட்டமாகி எதிரெதிர்த் துருவங்களுக்கு விலகிக்கொண்டிருக்கும். பிறிதொன்றில் இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே மெல்லிய சுவர் எழும்பத் தொடங்கியிருக்கும். சாயம் ஏற்றிய கணத்தில் ஒவ்வொரு செல்லும் எந்தக் கட்டத்தில் இருந்ததோ அதே கோலத்தில் உறைந்து நிற்கிறது.

இந்தக் கட்டங்களைச் சரியான வரிசையில் அடுக்கிக் காட்டியவர் ஜெர்மனியின் கீல் நகரில் பணிபுரிந்த வால்தர் ஃபிளெம்மிங். சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ் உயிரியின் குஞ்சுகளில் செல்கள் பெரியவை, குரோமோசோம்களும் பெரியவை. அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைச் சாயங்களை அவற்றில் ஏற்றியும், உயிருள்ள செல்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தும், 1882இல் தம் பெரிய நூலை வெளியிட்டார். அதிலிருந்த கைவரைபடங்களை இன்றைய படங்களோடு வைத்துப் பார்த்தாலும் குறை காண முடியாது. குரோமோசோம் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் போவதை அவர் கண்டார். பாரம்பரியம் குரோமோசோம்களில் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

எழுத்துப் பிசகாமல்

அந்தப் பிளவுக்கு முன்னால் நடக்கும் வேலைதான் பெரியது. ஒரு மனித செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதில் 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். இவ்வளவும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே இருக்கும் உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. செல் பிரிவதற்கு முன் இதை முழுவதுமாக ஒருமுறை படியெடுக்க வேண்டும். ஓரிடத்தில் தொடங்கி விநாடிக்கு 50 எழுத்து வீதம் எழுதினால் முடிக்க ஆண்டுகள் ஆகும். ஆகவே செல் ஒரே காலகட்டத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதத் தொடங்கி, சுமார் 8 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது.

எழுதும் நொதி ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தவறு செய்கிறது. 600 கோடி எழுத்துக்கு அது அறுபதாயிரம் பிழை. எந்த உடலும் அதைத் தாங்காது. எழுதிய உடனேயே அந்த நொதி பின்னோக்கிப் போய்த் தன் பிழையை அழித்துச் சரிசெய்கிறது. அதையும் தாண்டி நிற்கும் பிழைகளை வேறொரு புரதக் கூட்டம் தேடிப் பிடித்துத் திருத்துகிறது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது 100 கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவோ அதற்கும் கீழோதான்.

அந்த மிச்சப் பிழைகளும் வீணல்ல. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 வரை இருக்கின்றன. பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில தீங்கு செய்யும். மிகச் சில, தலைமுறைகள் தாண்டி ஓர் இனத்தையே மாற்றும். பிழையே இல்லாத நகல் சாத்தியப்பட்டிருந்தால் உலகில் முதல் செல்லின் நகல்கள் மட்டுமே இருந்திருக்கும்.

படியெடுத்து முடிந்ததும் நூலாகப் பரந்து கிடக்கும் டிஎன்ஏ சுருண்டு சுருண்டு தடிக்கிறது. பாவு நூலை உருளையில் சுற்றிய பிறகே நெசவாளி அதைத் தறிக்குக் கொண்டுபோகிறார். சுற்றாமல் தூக்கினால் சிக்கலாகும், அறுந்தும் போகும். செல்லும் சுற்றி முடித்த பிறகுதான் குரோமோசோம்களை நகர்த்துகிறது. நுண்ணோக்கியில் நாம் பார்த்த தடித்த வடிவம் பயணத்துக்குத் தயாரான வடிவம்.

எப்போது பிரிவது என்று யார் சொல்வது?

1982இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றில் ஒரு புரதம் படிப்படியாகச் சேர்ந்தது, முட்டை பிரியும் நேரத்தில் திடீரென்று அழிந்தது, பிறகு மறுபடி சேரத் தொடங்கியது. சைக்ளின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதம், பிரிதலை முடுக்கும் ஒரு நொதியோடு சேர்ந்து செல்லின் காலக் கணக்கை நடத்துகிறது. அந்த நொதிக்கான மரபணுவை ஈஸ்டில் ஆராய்ந்தவர் பால் நர்ஸ். அந்த மரபணு பழுதான ஈஸ்ட் செல்கள் பிரிய முடியாமல் நின்றன. 1987இல் நர்ஸின் ஆய்வகம் அவற்றுக்குள் மனிதனின் மரபணுக்களைச் செலுத்திப் பார்த்தது. ஈஸ்ட் மறுபடி பிரியத் தொடங்கியது. மனிதனுக்கும் ஈஸ்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 100 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அத்தனை காலம் கழித்தும், செல் பிரியும்படி சொல்லும் கட்டளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அப்படியே செல்லுபடியாகிறது. செல் சுழற்சியின் சோதனைச் சாவடிகளைக் கண்டறிந்த லீலண்ட் ஹார்ட்வெல்லுடன் சேர்ந்து இவ்விருவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்தச் சாவடிகளில் ஒன்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். குரோமோசோம்கள் நடுக்கோட்டில் நிற்கும்போது, இரு துருவங்களிலிருந்தும் கதிர்கோல் இழைகள் வந்து அவற்றைப் பற்றுகின்றன. ஒவ்வொரு குரோமோசோமும் இரு பக்கமும் சரியாகப் பிடிபட்டு, இரு பக்கமும் இழுபட்டு விறைப்பாக நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று பிடிபடாமல் இருந்தாலும் செல் பிரியாது. எல்லாம் தயாராக இருந்தும் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும்.

செல்லுக்கு இது எப்படித் தெரிகிறது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸும் அவரோடு பணியாற்றியவரும் கும்பிடுபூச்சியின் விந்தணு உண்டாகும் செல்களில் இதைச் சோதித்து 1995இல் வெளியிட்டார்கள். அந்தச் செல்களில் குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து நிற்பது வழக்கம், சில நேரம் ஒன்று துணை சேராமல் தனித்துவிடும். ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு இருப்பதால் அதில் விறைப்பு இல்லை. செல் பிரியாமல் மணிக்கணக்கில் நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் நுழைத்து, அந்தத் தனிக் குரோமோசோமை மறுபக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தார்கள். இழுவிசை கிடைத்ததும் செல் தடையை நீக்கிக்கொண்டு பிரிந்தது. துணை இருக்கிறதா என்று செல் பார்க்கவில்லை, விறைப்பு இருக்கிறதா என்று உணர்ந்தது. கண்ணும் மூளையும் இல்லாத ஒரு துளி, தொட்டுப் பார்த்து முடிவெடுக்கிறது.

இந்தச் சாவடிகள் பழுதாகும்போது செல்கள் கட்டுப்பாடின்றிப் பிரிகின்றன, குரோமோசோம்கள் கூடிக் குறைந்து சிதறுகின்றன. பல புற்றுநோய்களின் வேர் இதில்தான் இருக்கிறது. அன்றாடம் நம் உடலில் நடக்கும் கோடிக்கணக்கான பிரிதல்களில் பெரும்பாலானவை பிசகாமல் முடிகின்றன என்பது எனக்கு எப்போதும் நன்றியோடு நினைக்கத் தோன்றும் விஷயம்.

பாதியாக்கும் பிரிவு

இதுவரை சொன்னது மைட்டாசிஸ் என்னும் நகல் பிரிவு. கரணையின் பரு முளைப்பதும் கன்று வெடிப்பதும் முழுக்க இதன் வேலை. விதையின் கதை வேறு.

பெல்ஜியத்தைச் சேர்ந்த எட்வார்ட் வான் பெனடன் 1883இல் குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை ஆராய்ந்தார். அதன் உடற்செல்லில் நான்கே குரோமோசோம்கள் என்பதால் எண்ணுவது எளிது. முட்டையிலிருந்து இரண்டும் விந்தணுவிலிருந்து இரண்டும் வந்து நான்காவதை அவர் பார்த்தார். அப்படியானால் முட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது எண்ணிக்கை பாதியாகியிருக்க வேண்டும். பாதியாக்காவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். இந்தப் பாதியாக்கும் பிரிவே மியாசிஸ்.

மனிதரிடம் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாய் வழி 23, தகப்பன் வழி 23. மியாசிஸின் தொடக்கத்தில் தாய்வழி முதல் குரோமோசோம் தகப்பன்வழி முதல் குரோமோசோமைத் தேடிக் கண்டுபிடித்து நெடுகப் பொருந்தி நிற்கிறது. இப்படியே ஒவ்வொன்றும் தன் இணையோடு சேர்கிறது. சேர்ந்தவை ஆங்காங்கே அறுபட்டுத் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதன்பின் இணைகள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகின்றன. எந்த இணையில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி கிடையாது. துண்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே, ஒருவரிடமிருந்து 83,88,608 வகையான சேர்க்கைகள் வரலாம். தம்பதியர் இருவரையும் சேர்த்தால் எண்ணிக்கை 70 லட்சம் கோடி. துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் கணக்குக்கு எல்லையே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒருவர்போல் ஒருவர் இல்லாததன் காரணம் இது.

பெண்களிடம் இந்தப் பிரிவு நடக்கும் கால அளவு வியப்பானது. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகத்தில் முட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கிவிடுகின்றன. இணைகள் சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, அந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. பருவமெய்திய பிறகு, மாதந்தோறும் ஒன்று மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நாற்பது வயதில் கருவுறும் பெண்ணின் முட்டையில் குரோமோசோம் இணைகள் நாற்பது ஆண்டாகச் சேர்ந்தே இருந்திருக்கின்றன. அவற்றைக் கட்டிவைத்திருக்கும் புரத வளையங்கள் காலப்போக்கில் தளர்வதால், தாயின் வயது கூடும்போது குரோமோசோம்கள் பிசகிப் பிரியும் வாய்ப்பும் கூடுகிறது. 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்துவிட்டால் பிறக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும்.

மூன்று தொகுதிகளின் சிக்கல்

இப்போது வாழைக்குத் திரும்பலாம். ஒரு பூவன் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் கரும்புள்ளிகள் தெரியும். அவை விதையாக வேண்டிய சூல்கள், விதையாகாமலே நின்றுவிட்டவை. காட்டு வாழையின் பழத்தில் அதே இடத்தில் பல்லை உடைக்கும் கருப்பு விதைகள் நிறைந்திருக்கும், சதை சொற்பம்.

காட்டு வாழையில் 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதி இரண்டு இருக்கிறது, ஆக 22. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், செவ்வாழை, மொந்தன், ஜி-9 எல்லாவற்றிலும் அந்தத் தொகுதி மூன்று, ஆக 33. எப்போதோ ஒரு வாழையின் மியாசிஸில் பாதியாக்கும் வேலை தவறிப்போய், 22ஐயும் சுமந்த ஒரு செல் மற்றொன்றின் 11உடன் சேர்ந்திருக்க வேண்டும். மூன்று தொகுதி உள்ள செல் நகல் பிரிவில் எந்தச் சிரமமும் படாது, 33ஐயும் படியெடுத்துப் பிரித்துவிடும். மியாசிஸ் வந்தால்தான் தடுமாற்றம். இணை சேர இருவர் போதும், மூன்றாமவர் நிற்கிறார். யார் யாரோடு சேர்வது என்று குழம்பி, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு பிரிகின்றன. அந்த மகரந்தமும் சூலும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய் திரளும் தன்மை வாழைக்கு இருப்பதால் சதை மட்டும் பெருகுகிறது. விதையில்லாத பழத்தைக் கண்ட மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதன் கன்றை மட்டும் பெயர்த்துப் பெயர்த்து நட்டு வருகிறான்.

இதே மூன்று தொகுதி நம் தோட்டத்து மண்ணிலும் நெளிகிறது. பூந்தொட்டியைக் கவிழ்த்தால் மண்புழுவோ என்று எண்ணவைக்கும் புழுப்பாம்புக்கும் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள். அந்த இனத்தில் ஆணே இல்லை. எல்லாம் பெண், எல்லாம் ஆண் துணையின்றி முட்டையிடுபவை. ஒற்றைப் பாம்பு போனால் போதும், ஒரு புது நாட்டில் குடியேறிவிடலாம். தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் அது பரவிவிட்டது.

நகலின் விலை

நகல் வழி இவ்வளவு எளிதென்றால், உயிரினங்களில் பெரும்பாலானவை ஏன் ஆண், பெண் என்று பிரிந்து அல்லாடுகின்றன? துணை தேட வேண்டும், பாதி மரபணுக்களை விட்டுக்கொடுக்க வேண்டும், நன்றாக அமைந்த சேர்க்கையை ஒவ்வொரு தலைமுறையிலும் கலைக்க வேண்டும். பெண் மட்டும் பெண்ணையே பெறும் இனம் இரண்டு மடங்கு வேகத்தில் பெருகும். உயிரியலாளர்களை நெடுங்காலம் திணறவைத்த கேள்வி இது.

நியூசிலாந்து ஏரிகளில் வாழும் ஒரு சிறு நன்னீர் நத்தை இதற்கு நல்ல சாட்சி. அந்த ஓர் இனத்துக்குள்ளேயே ஆணோடு கூடிப் பெருகும் நத்தைகளும் உண்டு, பெண்கள் மட்டுமே நகலாகப் பெருகும் நத்தைகளும் உண்டு. இரண்டாம் வகைக்கும் பெரும்பாலும் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள்தாம். 1980களிலிருந்து இவற்றை ஆராய்ந்த கர்ட்டிஸ் லைவ்லி, ஒட்டுண்ணிப் புழுக்கள் அதிகமுள்ள இடங்களில் கூடிப் பெருகும் நத்தைகள் அதிகமாக இருப்பதைக் கண்டார். ஒட்டுண்ணிகள் எந்த நகல் பெருவாரியாக இருக்கிறதோ அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. ஒரு நகலைத் தாக்கத் தெரிந்துவிட்டால் அத்தனை நகல்களையும் தாக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் வேறாக இருந்தால் அந்த வசதி கிடைக்காது. கலப்பு வழி நிலைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

நத்தைக்கு நடப்பது வாழைக்கும் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையில் விற்ற வாழையில் பெரும்பகுதி கிரோ மிஷெல் என்ற ஒரே ரகம். மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் வாடல் நோய், மத்திய அமெரிக்கத் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. 1960களுக்குள் வாணிகம் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறியது. நம் ரஸ்தாளி விவசாயிகளை அலைக்கழிப்பதும் அந்த வாடல் நோய்தான். இப்போது அதே பூஞ்சையின் மற்றொரு வகை கேவண்டிஷையும் தாக்கக் கற்றுக்கொண்டு ஆசியாவைக் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் 2019இல் கொலம்பியாவுக்கும் போய்விட்டது. இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கிறது. பழனி மலையின் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் மெலியவைத்ததும் கன்றுகளின் வழியாகத்தான். விதை பல வைரஸ்களை வடிகட்டிவிடும், கன்று தாயின் நோயையும் சேர்த்துச் சுமந்து வரும்.

கரும்பின் செவ்வழுகலும் இதே பாடம். தண்டைப் பிளந்தால் சிவந்த சதையில் குறுக்கே வெண்திட்டுகள் தெரியும், புளித்த வாடை அடிக்கும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த ரகங்கள் பல இந்த நோயால் ஓய்ந்தன. அண்மையில் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்திருந்த கோ 0238 என்ற அருமையான ரகமும் இதே நோயிடம் சிக்கியது. ஒரே நகலை லட்சக்கணக்கான ஏக்கரில் விரித்துவைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

கோவையில் நடந்த கலப்பு

கரும்பு பூக்கும், விதையும் பிடிக்கும். வட இந்தியாவில் அது பூப்பது அரிது. கோயம்புத்தூரின் பகல் நீளமும் தட்பவெப்பமும் அதற்குப் பொருந்தியிருப்பதால் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்தது. அதன் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வெள்ளை என்ற சதைப்பற்றுள்ள கரும்பை, இனிப்பே இல்லாத ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும் நாணலோடு கலந்தார்கள். அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 ரகம் 1918இல் பஞ்சாப் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது.

அதன் செல்லுக்குள் ஒரு விந்தை இருந்தது. வெள்ளைக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள், கோவை நாணலுக்கு 64. பாதியும் பாதியும் சேர்ந்தால் 72 வர வேண்டும். கோ 205இல் இருந்ததோ 112. தந்தை நாணல் தன் பாதியான 32ஐத் தந்தது. தாய்க் கரும்பு பாதியாக்காமல் 80ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. ஜாவாவில் ஆராய்ச்சி செய்த டச்சு விஞ்ஞானி பிரெமர் இந்தப் போக்கைக் கரும்புக் கலப்புகளில் கண்டு விளக்கினார். வாழையில் விதையைப் பறித்த அதே தவறு, கரும்பில் இனிப்பைக் காத்தது. காட்டு நாணலின் பங்கு குறைவாக வந்ததால், அதன் உறுதி கிடைத்தும் இனிப்பு அதிகம் கெடவில்லை. 1930களில் அந்த நிலையத்தில் பணிபுரிந்த இ.கே. ஜானகி அம்மாள், கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து அந்தக் கலப்புகளின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்தார். பின்னாளில் இங்கிலாந்தில் விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் 1945இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் பயன்பட்டது.

இன்றும் கோவையில் கரும்பு பூக்கும் பருவத்தில் தேர்ந்த தாயும் தந்தையும் கலக்கப்படுகின்றன. பஞ்சுபோல் உதிரும் பூங்கதிரில் ஒட்டியிருக்கும் மிகச் சிறு விதைகளை நாற்றங்காலில் தூவுகிறார்கள். முளைக்கும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. பத்தாண்டுக்கு மேல் கழித்துக் கழித்துப் பார்த்து, ஒன்றோ இரண்டோ ரகமாகத் தேறும். தேறிய நாற்றைக் கரணையாக வெட்டி நகலெடுத்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். வாழையில் இந்த வேலை இன்னும் கடினம். ஆயிரக்கணக்கான பழங்களை மசித்துச் சலித்தால் ஒருசில விதைகள் அகப்படும், அதிலும் சில மட்டும் முளைக்கும்.

நகல் வழியும் கலப்பு வழியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. கண்டெடுத்த நல்லதைக் காப்பாற்ற நகல் வேண்டும். நல்லதைக் கண்டெடுக்கக் கலப்பு வேண்டும். உயிர் இரண்டையும் நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறது, நாம்தான் விளைச்சலின் அவசரத்தில் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விதை நிறைந்து, தின்ன ஆகாமல் கிடக்கும் காட்டு வாழையையும், ஆற்றோரத்தில் யாரும் சீண்டாத நாணலையும், கண்ணூரில் உலகக் கரும்பு வகைகளையும் திருச்சியில் வாழை வகைகளையும் காத்துவரும் ஆராய்ச்சி நிலையங்களையும் நாம் செல்வமாக மதிக்க வேண்டும். விவசாயி ஒரே ரகத்தில் நிலம் முழுவதையும் நிரப்பாமல் இரண்டு மூன்று ரகம் வைப்பதும், கன்றும் கரணையும் நோயற்ற தாயிடமிருந்து எடுப்பதும் இதே அறிவின் நடைமுறை. அடுத்த நோய் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை எதிர்கொள்ளும் மரபணு எந்தக் காட்டுச் செடியின் எந்த விதைக்குள் இருக்கிறது என்றும் தெரியாது. ஆகவே விதைகள் எல்லாமே இருந்தாக வேண்டும்.